லட்டு நெய்யும் ராக்கெட் மாவும்

2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திரத்தில் மாவட்டங்களைப் புதிதாகப் பிரித்தபோது, அதுவரை நெல்லூரில் இருந்த ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. சித்தூரிலிருந்து பிரித்தெடுத்த திருமலையும் இதே மாவட்டத்தில்தான். ஆக, இன்று ஒரே கலெக்டரின் எல்லைக்குள் இரண்டு பெரிய மடைப்பள்ளிகள். மலைமேல் உள்ளது ஊரறிந்தது. மற்றது, சூலூர்பேட்டையிலிருந்து பழவேற்காடு ஏரியைக் கடந்துபோகும் சாலையின் முடிவில், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலுக்குள் இருக்கிறது. அங்கே பிசைவது ராக்கெட்டுக்கான மாவு. அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பு, அலுமினியத் தூள், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ரப்பர் பாகு ஒன்று. பெரிய கலவைச் சட்டியில், பக்கத்தில் ஆள் நிற்காமல், தூரத்திலிருந்து இயக்கிப் பிசைகிறார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த கூட்டுக்குள் ஊற்றி நாள்கணக்கில் சூட்டில் வைத்தால், பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர்போல இறுகிவிடும். பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்குக்கு மட்டும் இந்த மாவு 138 டன். ஐந்து துண்டுகளாக வார்த்து, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். உள்ளே ஒரு குமிழி தங்கிவிட்டாலோ, கூட்டின் சுவரை ஓரிடத்தில் ரப்பர் பிடிக்காமல் விட்டாலோ, வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சக்திவாய்ந்த எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டும். படத்தைப் படிக்கத் தெரிந்த கண்ணும் வேண்டும்.

மலைமேல் மடைப்பள்ளிக்கு அப்படி ஒரு கண் இல்லாமல் போன கதை 2024 செப்டம்பரில் நாடு முழுக்கத் தெரிந்தது. லட்டுக்கு வாங்கிய நெய் கிலோ 320 ரூபாயிலிருந்து 411 ரூபாய் வரை என்ற குறைந்த விலைகளுக்கு வந்தது என்றும், கலப்படத்தைச் சோதிக்கத் தேவஸ்தானத்திடம் சொந்த ஆய்வகம் இல்லை என்றும் அப்போதைய நிர்வாக அதிகாரி சியாமளா ராவே சொன்னார். மாதிரிகளைக் குஜராத்தின் ஆனந்த் நகருக்கு அனுப்பித்தான் சோதிக்க வேண்டியிருந்தது. கலப்படப் புகாரை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. யார் மேல் குற்றம் என்பது நீதிமன்றத்தின் வேலை, இந்தக் கட்டுரையின் வேலையல்ல. நமக்கு வேண்டியது அந்த ஒப்பந்தத்தின் அமைப்பு. விலையைக் கண்ணால் பார்க்கலாம், தரத்தைப் பார்க்க முடியாது. பார்க்க முடிந்ததை வைத்து டெண்டர் முடிந்தது. பார்க்க முடியாததைச் சோதிக்கும் கருவி வாங்குபவர் கையில் இல்லை. அரசின் ஆயுத ஆலை, ராணுவக் குடியிருப்பு, ராக்கெட் தளம் என்று எதைத் தனியாருக்கு விடுவதானாலும் சிக்கல் பிறக்கும் இடம் இதுதான். தனியாரா அரசா என்று மேடைபோட்டுப் பேசுகிறோம். உண்மையில் ஒப்பந்தப் பத்திரத்தில் எதற்குப் பணம் என்று எழுதியிருக்கிறது, அது நடந்ததா என்று யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஒப்பந்த வகைகள் ஏதோ டெல்லி அலுவலகத்தில் மட்டும் புழங்கும் சங்கதி அல்ல. வீடு கட்டியவர் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிட்டால் அது ஒரு வகை: சிமென்ட் விலை ஏறினால் மேஸ்திரி தலையில், இறங்கினால் அவர் பையில். சாமான் நாமே வாங்கித் தந்து, ஆனதுக்குக் கணக்குப் பார்த்து மேலே கமிஷன் தருவது இன்னொரு வகை: மேஸ்திரிக்கு நஷ்டம் கிடையாது, ஆனால் வேலையைச் சுருக்கமாக முடிக்கவும் அவருக்குக் காரணம் கிடையாது. கிருகப்பிரவேச நாளுக்குள் முடித்தால் தனியாகப் பத்தாயிரம் என்று ஆசை காட்டுவது ஊக்கத்தொகை. அதில் உள்ள ஆபத்தும் வீடு கட்டியவருக்குத் தெரியும். நாளைப் பிடிப்பதற்காகப் பூச்சு காய்வதற்குள் பெயின்ட் அடித்துவிடுவார்கள், அடுத்த மழையில் சுவர் உப்பும்.

ஸ்ரீஹரிகோட்டா ராணுவ முகாம் அல்ல. ஆனால் ஆயுத ஆலைக்குரிய லட்சணங்கள் அத்தனையும் அதற்கு உண்டு: வாங்குபவர் பெரும்பாலும் அரசு ஒருவரே, கையாள்வது வெடிக்கக்கூடிய பொருள், உள்ளே நடப்பது வெளியே தெரியாது. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி சிறு ராக்கெட்டுடன் தொடங்கிய இந்தத் தீவில், இப்போது மூன்று விதமான ஒப்பந்தங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. 2022 செப்டம்பரில் விண்வெளித் துறையின் வணிக நிறுவனமான நியூஸ்பேஸ் இந்தியா, ஐந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளைக் கட்டித்தர ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், எல் அண்டு டி கூட்டணிக்கு 860 கோடி ரூபாய் ஒப்பந்தம் கொடுத்தது. 2025 ஜூனில் சிறு செயற்கைக்கோள்களை ஏற்றும் எஸ்.எஸ்.எல்.வி.யின் தொழில்நுட்பத்தையே 511 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். (தனியாருக்கு விடுகிறோம் என்று தொடங்கிய ஏலம் இன்னொரு அரசு நிறுவனத்திடமே போய் முடிந்ததில் ஒரு வேடிக்கை உண்டு.) மூன்றாவது, சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம் தீவுக்குள்ளேயே சொந்தமாகக் கட்டிக்கொண்ட ஏவுதளம்.

பி.எஸ்.எல்.வி.யை மொத்த விலைக்குப் பேசியதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. 1993இல் முதன்முதலாகப் பறந்து தோற்று, அடுத்த ஆண்டு வென்று, முப்பது ஆண்டுகளாக மெருகேறிய வண்டி அது. எந்தத் திருகாணி எங்கே போக வேண்டும் என்பதுவரை தெரியும். இப்படித் தெரிந்த வேலைக்கு, ஆன செலவைக் கொடு என்று திறந்த பணப்பையை நீட்டுவது வீண். நம் ஆயுத ஆலைகள் பல காலம் அப்படித்தான் ஓடின. ஆவடி, திருச்சி, அருவங்காடு உட்பட நாடு முழுக்க 41 ஆலைகள். ஆன செலவோடு மேற்செலவையும் கூட்டி ராணுவத்துக்கு விலை போட்டார்கள். லாபம் வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் செலவு எவ்வளவு ஆனாலும் அதுவே விலை என்றால் சிக்கனத்துக்கு அங்கே என்ன இடம்? 2021 அக்டோபர் 1 முதல் அவற்றை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்ததற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் நாசாவின் எஸ்.எல்.எஸ். ராக்கெட் செலவுக்கு மேல் கமிஷன் என்ற முறையில் வளர்ந்தது. அது ஏற்றிச்செல்லும் கலத்தையும் தரைத்தள வசதிகளையும் சேர்த்து, தொடக்கப் பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கை அதிகாரி 2022இல் சொன்னார்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் மொத்த விலையே சரி என்று முடிவுகட்டிவிடலாமா? விண்வெளி வீரர்களை ஏற்றிச்செல்ல நாசா 2014இல் இரண்டு நிறுவனங்களோடு மொத்த விலை பேசியது. போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. குறைந்த தொகை வாங்கிய ஸ்பேஸ்எக்ஸ் 2020 மே மாதம் ஆட்களை ஏற்றிப் பறந்தது. போயிங்கின் கலம் 2024 ஜூனில் இரண்டு பேரை மேலே கொண்டுபோய் விட்டு, செப்டம்பரில் ஆளில்லாமல் திரும்பியது. நிறுவனத்துக்கு நஷ்டம் சுமார் 200 கோடி டாலர். மொத்த விலையின் வெற்றிக்கு முதல் பாதியைக் காட்டுகிறார்கள், தோல்விக்கு இரண்டாம் பாதியைக் காட்டுகிறார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. ஆட்களை அதில் திரும்ப ஏற்றக்கூடாது என்று முடிவெடுத்தது நாசா. தன் பொறியாளர்களை வைத்திருந்ததால்தான், அந்தக் கலம் பாதுகாப்பானது என்று போயிங் வாதாடியபோதும் நாசாவால் மறுக்க முடிந்தது. ஒப்பந்தம் பணத்தைக் காத்தது. உயிர் விஷயத்தில் கைகொடுத்தது, வாங்குபவர் தன்னிடமே வைத்துக்கொண்ட அறிவு.

அந்த அறிவு இல்லாத இடத்தில் ஊக்கத்தொகை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்க ராணுவக் குடியிருப்புகளை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சிப்பாய்களின் வீடுகள் பழுதடைந்து கிடந்தன. 1996இல் சட்டம் போட்டு, நிலத்தை நீண்ட குத்தகைக்கு விட்டு, வீடுகளைக் கட்டிப் பராமரிக்கும் பொறுப்பைத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். வாடகை சிப்பாயின் வீட்டுப்படியிலிருந்து போய்விடும். அதோடு நிறுத்தவில்லை, வேலை நன்றாக நடந்தால் ஊக்கத்தொகை என்றும் எழுதினார்கள். எத்தனை புகார்களைக் குறித்த நேரத்தில் சரிசெய்தார்கள், குடியிருப்போர் கருத்துச் சீட்டில் என்ன எழுதினார்கள் என்பவைதான் அளவுகோல். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத திட்டம். பால்ஃபர் பீட்டி கம்யூனிட்டீஸ் என்ற நிறுவனத்தில் 2013 முதல் 2019 வரை நடந்தது இது: புகார்ப் பதிவுகளையும் கருத்துச் சீட்டுகளையும் திருத்தி, இலக்கை எட்டியதாகக் காட்டி ஊக்கத்தொகை வாங்கினார்கள். கசிவும் பூஞ்சையும் வீட்டில் இருந்தன, கணினியில் இல்லை. 2021 டிசம்பரில் நிறுவனம் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதமும் இழப்பீடுமாக 6.5 கோடி டாலருக்கு மேல் கட்டியது. குழாய் ஒழுகுவதை நிறுத்தினால் பணம் என்று அரசு நினைத்தது. பத்திரம் சொன்னதோ, ஒழுகல் நின்றது என்று பதிவு இருந்தால் பணம். அந்தப் பதிவை எழுதும் பேனாவும் பணம் வாங்குபவர் கையிலேயே இருந்தது.

பிரிட்டன் செய்தது இன்னொரு மாதிரியான பிழை. 1996இல் 57,400 ராணுவ வீடுகளை ஆனிங்டன் என்ற நிறுவனத்துக்கு 166 கோடி பவுண்டுக்கு விற்று, அதே வீடுகளை வாடகைக்கு எடுத்தது. பராமரிப்பைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டது. சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பைப் பூப்பிடிக்கும்போதே வியாபாரியிடம் பேசி விடுவதுண்டு. காய் விலை ஏறினால் லாபம் அவருக்கு, மரத்துக்கு உரம் வைப்பது தோப்புக்காரர் செலவு. ஆனால் அங்கே ஒரு பருவத்தோடு கணக்கு முடியும். இங்கே தோப்பையே எழுதிக் கொடுத்துவிட்டு உரச்செலவை மட்டும் வைத்துக்கொண்டது போலாயிற்று. வீட்டு விலை ஏறிய ஏற்றமெல்லாம் வாங்கியவருக்கு. ஓட்டை உடைசல் அரசுக்கு. இந்தப் பேரத்தால் 220 கோடி முதல் 420 கோடி பவுண்டு வரை அரசுக்கு நஷ்டம் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2018இல் கணக்கிட்டது. மிச்சமிருந்த 36,347 வீடுகளை 2025 ஜனவரியில் 599 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அணு ஆயுதங்களைச் செய்யும் ஆல்டர்மாஸ்டன் ஆலையையும் 1993 முதல் தனியார் நிர்வாகத்தில் விட்டிருந்தவர்கள், 2021 ஜூலையில் அதையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் நேரடிப் பொறுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வீட்டில் ஒழுகினால் குடியிருப்பவர் கத்துவார். தாமதமானாலும் செய்தி வெளியே வந்துவிடும். திட எரிபொருள் கத்தாது. 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலத்தைச் சிதறடித்த கோளாறு, பக்கவாட்டுத் திட ராக்கெட்டின் துண்டுகள் சேரும் மூட்டில் இருந்த ரப்பர் வளையத்தில். அந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்துப் பொறியாளர்கள் முந்தின இரவு சொன்னார்கள். நாசா அதிகாரிகள் நெருக்கவே, நிறுவன மேலாளர்கள் தங்கள் பொறியாளர்களின் பேச்சை மாற்றி ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். பிறகு அந்த நிறுவனம் தன் ஊக்கத்தொகையில் 1 கோடி டாலரை விட்டுக்கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தில் அபராதமும் இருந்தது, ஊக்கமும் இருந்தது, கைதேர்ந்த பொறியாளர்களும் இருந்தார்கள். நிறுத்து என்று சொன்னவருக்கு நிறுத்தும் அதிகாரம்தான் இல்லை. அதிகாரம் இருந்தவர்கள் எல்லோரும் தேதிக்குக் கட்டுப்பட்டவர்கள்.

இதன் பக்கத்தில் அக்னிகுல்லை வைத்துப் பாருங்கள். 2022 நவம்பரில் ஏவுதளம் தயார். அரைக்குளிர் எரிபொருளில் இயங்கும், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு ராக்கெட் நிற்கிறது. பார்க்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். நான்கு முறை ஏவுவதாக இருந்து, நான்கு முறையும் கைவிட்டார்கள். ஐந்தாவதாக, 2024 மே 30 அன்றுதான் கிளம்பியது. கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் இந்த ஏற்பாட்டில் தோற்றால் நஷ்டம் யாருக்கோ, நிறுத்தும் முடிவும் அவர் கையில். அதற்கு மேலே, சுற்றுவட்டாரத்துக்கு ஆபத்தில்லை என்று பார்க்கும் பொறுப்பு இஸ்ரோவிடம். தளத்தைக் கட்டியவர் தனியார்; வேலிக்கு வெளியே இருக்கும் ஊர்களுக்காகப் பார்க்கும் கண் அரசுடையது. தீவில் உள்ள மூன்று ஒப்பந்தங்களில் மிகச் சிறியதான இதுவே, என் பார்வையில், மிக ஒழுங்காக வரைந்தது.

இதற்கு எதிராக வலுவான ஒரு கேள்வி எழும். 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி. சி61 தோற்றது. கிளம்பி நான்கு நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு, மூன்றாம் அடுக்கின் திட மோட்டாரில் அழுத்தம் குறைந்து, இ.ஓ.எஸ்.09 ரேடார் செயற்கைக்கோள் போயிற்று. அது முழுக்க இஸ்ரோவின் கண்காணிப்பில் நடந்த பயணம். அரசின் கண் என்று இவ்வளவு நேரம் பேசினீர்களே, அந்தக் கண் அங்கே என்ன செய்தது? நியாயமான கேள்வி. செய்பவர், சோதிப்பவர், தோற்றபின் காரணம் ஆராய்பவர் மூவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால் கண் இருந்தும் சில நேரம் பார்வை மங்கும் என்பதுதான் என் பதில். அந்த வகையில் உற்பத்தியை வெளியே கொடுப்பது நல்லதற்கே. கட்டுபவர் ஒருவர், எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் வேறொருவர் என்று முதன்முறையாகப் பிரிகிறது. இஸ்ரோ வெளியாள் செய்ததைப் பார்க்கும்போது, தன் ஆள் செய்ததைப் பார்ப்பதைவிடக் கறாராகவே பார்க்கும். ஆனால் உற்பத்தியை வெளியே கொடுத்த கையோடு, இனி நமக்கு இத்தனை தரப் பரிசோதகர்கள் எதற்கு என்று அந்தப் பிரிவையும் சுருக்கினால், கிடைத்த ஒரே லாபமும் போய்விடும்.

இரட்டைச் செலவு என்பார்கள். தனியாரும் சோதிக்கிறார், அரசும் சோதிப்பதா? ஆமாம், இரட்டைச் செலவுதான். நெய் விவகாரத்துக்குப் பிறகு திருமலைக்குச் சோதனைக் கருவிகளைத் தேசியப் பால்வள வாரியம் நன்கொடையாகத் தந்தது. மதிப்பு 75 லட்சம் ரூபாய். லட்டு ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் போகிற இடத்தில் அந்தத் தொகை எவ்வளவு சிறியது என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர் கெட்டுவிடுமே என்ற பயத்திலேயே நிறுவனங்கள் ஒழுங்காக இருக்கும் என்ற வாதமும் உண்டு. சோப்பு விற்பவருக்கு அது பொருந்தும்; பிடிக்காதவர் நாளைக்கே வேறு சோப்பு வாங்குவார். வாங்குபவர் ஒருவர், விற்பவர் ஒருவர் என்று ஆகிவிட்ட சந்தையில் பெயர் கெட்டாலும் போக வேறு கடை கிடையாது. பால்ஃபர் பீட்டி குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வீடு விட்டுக்கொண்டுதான் இருந்தது. அத்தனை வீடுகளை ஒரே நாளில் யாரிடம் மாற்றுவது?

இன்னொரு பயம் தொழிலாளர்களுடையது. 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் திட எரிபொருள் பகுதியில் நேர்ந்த விபத்தில் ஆறு பேர் இறந்தார்கள். மொத்த விலை ஒப்பந்தத்தில் பாதுகாப்புக்கான ஒவ்வொரு ரூபாயும் லாபத்திலிருந்து போவதால், இந்த மாதிரி வேலையில் விலை நெருக்கடி நேராக வெடிக்கும் பொருளைக் கையாள்பவர் மேல்தான் இறங்கும். இதற்கு மருந்து, பாதுகாப்புச் செலவை விலைப் போட்டியிலிருந்தே பிரித்தெடுப்பது: அதை மட்டும் ஆன செலவுக்குக் கணக்குக் காட்டி வாங்கிக்கொள் என்று தனியாக எழுதுவது. ஒரே பத்திரத்தில் மொத்த விலையும் செலவுக் கணக்கும் சேர்ந்திருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கூரைக்கு மொத்தமாகப் பேசிவிட்டு, பாறை வரும் என்று தெரிந்த இடத்தில் கிணற்றை மட்டும் அடிக்கணக்கில் வெட்டச் சொல்வதில்லையா?

எஸ்.எஸ்.எல்.வி. விஷயம் இப்போது அந்தக் கிணறு வெட்டும் கட்டத்தில்தான் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் முதல் பயணம் தோல்வி, 2023 பிப்ரவரியிலும் 2024 ஆகஸ்டிலும் வெற்றி; மூன்றே பயணங்கள் கண்ட, இன்னும் மெருகேற வேண்டிய ராக்கெட். கைமாற்ற ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் கையெழுத்தாயிற்று. இரண்டு ஆண்டுப் பயிற்சிக் காலத்தில் இஸ்ரோ பொறியாளர்கள் பக்கத்தில் நிற்க, ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் இரண்டு ராக்கெட்டுகளைக் கட்டி ஏவ வேண்டும். அதற்குப் பிறகு கட்டுவதும் விற்பதும் அவர்கள் பாடு. சிறு ராக்கெட்டுகளுக்கென்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளமும் எழும்பிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது ராக்கெட் போய், சந்தையில் விலை பேசி, தேதி சொல்லி, வெளிநாட்டு வாடிக்கையாளர் காத்திருக்க, மூன்றாவது ராக்கெட்டின் திட மோட்டார் எக்ஸ்ரே அறைக்கு வரும். படத்தில் ஒரு நிழல். குமிழியாகவும் இருக்கலாம், படத்தின் கோளாறாகவும் இருக்கலாம். மறுபடி எடுக்க வேண்டுமானால் நாள் தள்ளிப்போகும். அந்த அறையில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருப்பவரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது, நாள் தள்ளிப்போனால் அவருடைய ஊக்கத்தொகை குறையுமா என்ற இரண்டு வரிகளைப் பத்திரத்தில் இப்போதே சேர்த்து எழுதிவிட வேண்டும்.